தமிழக வீடுகளில் நெகிழி: நுழைவும் குறைப்பும் - ஒரு வரலாற்றுப் பார்வை

ஒரு வீட்டில் நெகிழியைக் (பிளாஸ்டிக்கை) குறைப்பது என்றால் என்ன? கடையில் துணிப்பை வாங்குவதும் நெகிழிக் குடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எவர்சில்வர் குடம் வாங்குவதும்தான் என்று பலர் எண்ணுகின்றனர். தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நெகிழி வந்த வரலாற்றைப் பார்த்தால் விடை வேறாக இருக்கிறது. நெகிழி ஒரே நாளில் வந்துவிடவில்லை. குடமாக, வாளியாக, பால் உறையாக, ஷாம்பு பொட்டலமாக, கடைக்காரர் கொடுக்கும் 'கவராக' ஒவ்வொன்றாக வந்தது. அவற்றுள் சில பொருள்கள் பழைய பொருள்களை மட்டும் நீக்கின. வேறு சில, பாத்திரத்தைக் கொண்டுபோய்ப் பொருளை வாங்கிவரும் பழைய ஏற்பாட்டையே நீக்கிவிட்டன. இன்று நம்மைத் திணற வைக்கும் குப்பை பெரும்பாலும் இரண்டாவது வகையிலிருந்து வருகிறது. இந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெகிழிக்கு முந்தைய வீடு

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர வீட்டுச் சமையலறையில் மண்பானை, பித்தளைக் குடம், வெண்கல உருளி, ஈயம் பூசிய பாத்திரங்கள், பீங்கான் ஊறுகாய் ஜாடி, தகர டப்பா, ஓலைப்பெட்டி, மூங்கில் முறம் ஆகியவை இருந்தன. பித்தளைப் பாத்திரத்தில் புளி சேர்த்துச் சமைத்தால் களிம்பு ஏறும் என்பதால், உட்புறம் ஈயம் பூசித் தருபவர் தெருவுக்குத் தெரு வருவார். பாத்திரம் தேய்ந்தால் அடைக்கப்பட்டது. உடைந்தால் எடைக்குப் போடப்பட்டது. எதற்கும் ஒரு மறுபிறவி இருந்தது.

மளிகைக் கடையில் பருப்பும் சர்க்கரையும் செய்தித்தாளில் கூம்பாகச் சுருட்டப்பட்டுச் சணல் நூலால் கட்டப்பட்டன. எண்ணெய் வாங்க வீட்டிலிருந்து தூக்குவாளியோ கண்ணாடி பாட்டிலோ போகும். கடைக்காரர் தகர அளவையால் முகந்து, புனல் வைத்து ஊற்றுவார். பூ வாழையிலையில் வந்தது. இறைச்சி தாமரை இலையிலோ தேக்கிலையிலோ மடித்துத் தரப்பட்டது. தென்மாவட்டங்களில் கருப்பட்டி பனையோலைக் கொட்டானில் வந்தது. சணல் நூலைப் பிரித்துச் சுற்றி வைப்பதும், அந்தத் தாளை அலமாரித் தட்டில் விரிப்பதும் வீட்டுப் பிள்ளைகளின் வேலை.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு அதன் பொருள்களில் மட்டும் இல்லை. அது ஒரு சுற்றாக இருந்தது என்பதில்தான் இருக்கிறது. பாத்திரம் வீட்டிலிருந்து கடைக்குப் போய், கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பியது. இலையும் ஓலையும் மாட்டுக்கோ மண்ணுக்கோ போயின. குப்பைக்குழியில் விழுந்த எதுவும் சில மாதங்களில் எருவாகி வயலுக்குச் சென்றது. எனவே 'குப்பையைத் தூர எறிதல்' என்ற வழக்கம் அன்று யாருக்கும் கேடு செய்யவில்லை. பின்னாளில் நெகிழி வந்தபோதும் அதே வழக்கம் தொடர்ந்தது. பொருள் மாறியது, கை மாறவில்லை. சிக்கலின் ஒரு வேர் இதுதான்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புகழ வேண்டியதில்லை. நீர் நிரம்பிய பித்தளைக் குடத்தை இடுப்பில் சுமந்து தொலைவிலிருந்து நடந்தவர்கள் பெண்கள். புளியும் சாம்பலும் கொண்டு அதைத் தேய்த்தவர்களும் அவர்களே. மண்பானை கைதவறினால் உடைந்தது. ஏழை வீட்டில் பித்தளை என்பது அடகு வைக்கும் சொத்தாக இருந்ததே தவிர, அன்றாடம் புழங்கும் பொருளாக இல்லை. நெகிழி ஏன் அத்தனை விரைவாக வரவேற்கப்பட்டது என்பதற்கு இந்தச் சுமையே விடை.

நெகிழியின் பிறப்பு

1869ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட் என்பவர் யானைத் தந்தத்துக்கு மாற்றாகச் செல்லுலாய்டை உருவாக்கினார். அக்காலத்தில் பில்லியர்ட்ஸ் பந்துகள் யானைத் தந்தத்தால் செய்யப்பட்டன. அதாவது நெகிழியின் தொடக்கமே ஓர் இயற்கைப் பொருளின் தட்டுப்பாட்டுக்கு விடை தேடிய முயற்சிதான். 1907இல் லியோ பேக்லண்ட், முழுவதும் செயற்கையான முதல் நெகிழியான பேக்கலைட்டை உருவாக்கினார். பழைய மின்விசைப் பொத்தான்களிலும் தொலைபேசிகளிலும் நாம் கண்ட கறுப்புப் பொருள் அதுவே.

நம் வீட்டுக் கவர்களின் மூலப்பொருளான பாலித்தீன், 1933 மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் வின்னிங்டன் என்னும் ஊரில் இருந்த ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வகத்தில் தற்செயலாகக் கிடைத்தது. ரெஜினால்ட் கிப்சன், எரிக் ஃபாசெட் ஆகிய இருவர் எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்திய சோதனையில் வெண்மையான மெழுகு போன்ற பொருள் எஞ்சியது. இரண்டாம் உலகப்போரில் அது ராடார் கருவிகளின் கம்பிகளுக்குக் காப்புறையாகப் பயன்பட்டது. 1953இல் ஜெர்மனியின் கார்ல் சீக்லர் குறைந்த அழுத்தத்திலேயே உறுதியான பாலித்தீனைச் செய்யும் வழியைக் கண்டார். அடுத்த ஆண்டு இத்தாலியின் ஜூலியோ நட்டா பாலிப்ரொப்பிலீனை உருவாக்கினார். 1963இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் வீட்டு வாளி, குடம், நாற்காலி, சாக்கு எல்லாம் இவ்விரு கண்டுபிடிப்புகளின் வழித்தோன்றல்கள்.

இரு கைப்பிடிகள் கொண்ட பையை 1960களில் வடிவமைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்தாஃப் தூலின். அவர் பணியாற்றிய செல்லோபிளாஸ்ட் நிறுவனம் 1965இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. இந்தியாவில் 1969இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான ஐ.பி.சி.எல். வதோதராவில் ஆலை நிறுவியது. நெகிழி மூலப்பொருள்கள் உள்நாட்டிலேயே பெருமளவில் கிடைக்க அது வழிவகுத்தது. விலை குறைந்தது, பொருள் கிராமத்துச் சந்தைக்கு வந்தது.

முதலில் வந்தவை: உழைக்கும் பொருள்கள்

தமிழ்நாட்டு வீடுகளுக்கு முதலில் வந்த நெகிழிப் பொருள்கள் நீண்ட காலம் உழைப்பவை: குடம், வாளி, கப், சோப்புப் பெட்டி, சீப்பு. தெருவில் கூவி வந்த வணிகர்கள் பழைய துணிக்கும் பழைய இரும்புக்கும் பதிலாக நெகிழிக் குடத்தையும் வாளியையும் கொடுத்தனர். காசில்லாத வீட்டிலும் கந்தல் புடவை இருந்தது. எனவே நெகிழி ஏழை வீட்டுக்குள் பண்டமாற்றாகவே நுழைந்தது எனலாம்.

பல வண்ண நெகிழிக் குடம் தண்ணீர்ப் பஞ்சத்தின் அடையாளமாகவே மாறிவிட்டது. தண்ணீர் லாரிக்கு முன் வரிசையாக வைக்கப்பட்ட குடங்களின் படம் 2019ஆம் ஆண்டு சென்னை வறட்சியின்போது உலகெங்கும் வெளியானது. அந்தக் குடம் பித்தளையாக இருந்திருந்தால் ஒரு பெண்ணால் ஒரே நடையில் எத்தனை குடம் கொண்டுவந்திருக்க முடியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒயர்க்கூடையும் இந்த வகையைச் சேர்ந்ததே. நெகிழி ஒயரை வாங்கி வீட்டுப் பெண்கள் தம் கையாலேயே முடிச்சிட்டுப் பின்னிய கூடை அது. ரயில் பயணத்துக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்து மதிய உணவுக்கும் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. அதுவும் நெகிழிதான். ஆனால் அது யாருக்கும் குப்பையாகத் தோன்றியதில்லை, குப்பையாக ஆகவும் இல்லை. எனவே 'நெகிழி கெட்டது, மற்றவை நல்லவை' என்ற எளிய வாய்ப்பாடு நமக்கு உதவாது. ஒரு பொருள் எத்தனை முறை பயன்படுகிறது என்பதே சரியான கேள்வி.

பின்னர் வந்தவை: ஒரு முறைப் பொருள்கள்

அடுத்து வந்தவை சுற்றை உடைத்த பொருள்கள். மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது பால். மாட்டுக்காரர் வீட்டு வாசலில் கறந்து வீட்டுச் செம்பில் ஊற்றியது ஒரு காலம். சென்னையில் பின்னர் கண்ணாடி பாட்டில்களில் பால் வந்தது. காலி பாட்டிலைக் கழுவிக் கொடுத்துவிட்டு நிறைந்த பாட்டிலை வாங்க வேண்டும். அதன்பின் பாலித்தீன் உறை வந்தது. நீலம், பச்சை, ஆரஞ்சு என்று ஆவின் பாலின் வகையை உறையின் நிறத்தைக் கொண்டே சொல்லும் பழக்கம் உண்டாயிற்று. உறையில் வந்த பால் தூய்மையானது, அளவு சரியானது, கலப்படம் செய்வது கடினம். இந்த நன்மைகளை மறுக்க முடியாது. ஆனால் காலி பாட்டில் திரும்பிச் சென்ற வழி மூடப்பட்டது. அந்த வழியின் ஒரு சிறு துண்டை மட்டும் நம் குடும்பங்கள் தாமாகவே காப்பாற்றிக்கொண்டன. பால் உறைகளைக் கழுவி, உலர்த்தி, சேர்த்து வைத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடும் பழக்கம் பல வீடுகளில் இருந்தது. சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. ஒரு விலை இருந்ததால் அந்த உறை தெருவில் விழவில்லை.

இரண்டாவது, சிறு பொட்டலம். இதன் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பணக்காரர் வாங்கும் பொருள் கூலி வேலை செய்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தில், திரவப் பொருள்களைச் சிறு உறைகளில் அடைத்து விற்கும் முயற்சியைத் தொடங்கினார். இந்தியாவின் 'சாஷே' முறைக்கு முன்னோடி என்று அவர் குறிப்பிடப்படுகிறார். அவருடைய மக்கள் வெல்வெட் ஷாம்புவை இம்முறையில் பரப்பினர். மகன்களுள் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியே தொழில் தொடங்கிச் சிக் ஷாம்புவை விற்றார். சீயக்காயும் அரப்பும் அரைத்துத் தேய்த்த கிராமங்களில், சில்லறைக் காசுக்கு ஷாம்பு கிடைத்தது. பாட்டில் வாங்க இயலாத குடும்பத்துக்கு அது ஒரு மதிப்பு.

சிக் ஷாம்புவின் விற்பனையைப் பெருக்க ஒரு திட்டம் கையாளப்பட்டது. ஐந்து காலி ஷாம்பு உறைகளைக் கொடுத்தால் ஒரு சிக் உறை இலவசம். முதலில் எந்த நிறுவனத்தின் உறையாக இருந்தாலும் ஏற்றுக்கொண்டனர். பின்னர் சிக் உறைக்கு மட்டும் என்றாக்கினர். அத்திட்டம் விளம்பரத்துக்காக வந்தது, சுற்றுச்சூழலுக்காக அன்று. ஆயினும் அது ஒன்றை மெய்ப்பித்தது. காலி உறை திரும்பி வர வேண்டும் என்று நிறுவனம் விரும்பினால், அதற்கு ஒரு மதிப்பு வைத்தால், அது திரும்பி வரும். 'மக்கள் கண்ட இடத்தில் எறிகிறார்கள், என்ன செய்வது?' என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு தேவையில்லை.

இன்றைய சிறு பொட்டலங்கள் பலவும் நெகிழியும் அலுமினியத் தாளும் ஒன்றோடொன்று ஒட்டிய பல அடுக்குகள் கொண்டவை. அடுக்குகளைப் பிரிப்பது கடினம் என்பதால் மறுசுழற்சி செய்வோர் அவற்றை வாங்குவதில்லை. ஆகவே குப்பை பொறுக்குவோரும் அவற்றைத் தொடுவதில்லை.

மூன்றாவது, கடைக்காரர் தரும் கவர். வாடிக்கையாளர் பை கொண்டுவரத் தேவையில்லை என்பது முதலில் ஒரு கூடுதல் மரியாதையாக இருந்தது, பிறகு உரிமையாயிற்று. சாம்பார், சட்னி, இட்லி மாவு, இறைச்சி, மீன் எல்லாம் கவருக்குள் போயின. 'வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வரலாம்' என்ற வசதி, காலையிலேயே பாத்திரத்தை எடுத்துச் செல்லும் திட்டமிடலை நீக்கியது. இதில் குடும்ப வாழ்க்கையின் மாற்றமும் இருக்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், தூக்குவாளியுடன் கடைக்கு ஓட ஆள் இல்லை.

எஞ்சிய கணக்கு

உலகில் 1950இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டன்னாக இருந்த நெகிழி உற்பத்தி, 2015இல் 38 கோடி டன்னாக உயர்ந்தது. 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 1950 முதல் 2015 வரை உருவான நெகிழிக் கழிவில் 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி செய்யப்பட்டது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 விழுக்காடு குப்பைமேட்டிலும் நிலத்திலும் நீரிலும் தங்கிவிட்டது. 'மறுசுழற்சிக்குப் போகும்' என்ற நம்பிக்கையில் நாம் வாங்கும் பொருள்களில் பெரும்பகுதி அங்கே போவதில்லை என்பதையே இது காட்டுகிறது. 2004இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்ப்சனும் அவருடைய குழுவினரும் கடலில் உள்ள மிகச் சிறிய நெகிழித் துகள்களைப் பற்றி எழுதிய பிறகு, 'நுண்நெகிழி' என்ற கருத்து உலகெங்கும் பரவியது.

நம் ஊரில் இதன் விளைவைக் காண நுண்ணோக்கி தேவையில்லை. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ நெகிழிக் கழிவு அறுவை சிகிச்சை செய்து அகற்றப்பட்டது. மீந்த உணவை கவரில் கட்டி எறிந்தால், மாடு கவரைப் பிரித்து உண்பதில்லை, கவரோடு விழுங்குகிறது. வடிகாலில் அடைத்துக்கொண்ட கவர்கள் மழைக்காலத்தில் தெருவை வெள்ளக்காடாக்குகின்றன. 1988, 1998ஆம் ஆண்டுகளின் பெருவெள்ளங்களில் வடிகால் அடைப்பை மோசமாக்கியதாகக் கருதப்பட்ட மெல்லிய பாலித்தீன் பைகளை வங்கதேசம் 2002இல் தடை செய்தது. அவ்வாறு தடை செய்த முதல் நாடு அதுவே.

வீட்டுக்குள்ளேயே நிகழும் கேடும் உண்டு. வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கப் பழைய கவரைக் கொளுத்தும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. குளோரின் கலந்த பி.வி.சி. போன்ற நெகிழிகள் எரியும்போது டையாக்சின் முதலிய நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் அடுப்பின் முன் குனிந்திருப்பவர்தான். பித்தளைக் குடத்தின் பாரத்தை இறக்கி வைத்த அதே நெகிழி, அவர் நெஞ்சில் வேறொரு பாரத்தை ஏற்றுகிறது.

தடைகளின் வரலாறு

இந்தியாவில் நடுவண் அரசு 1999இல் வெளியிட்ட விதிகள், கைப்பைகளின் தடிமன் குறைந்தது 20 மைக்ரான் இருக்க வேண்டும் என்றன. 2011இல் அது 40 மைக்ரானாகவும், 2016இல் 50 மைக்ரானாகவும், 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானாகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானாகவும் உயர்த்தப்பட்டது. தடித்த பை மீண்டும் பயன்படும், பொறுக்கி விற்பவருக்கும் எடை கிடைக்கும் என்பதே இதன் காரணம். 2022 ஜூலை 1 முதல் உறிஞ்சுகுழல், நெகிழிக் கரண்டி, தட்டு, குவளை முதலிய ஒரு முறைப் பொருள்கள் நாடெங்கும் தடை செய்யப்பட்டன.

தமிழ்நாட்டில் முன்னோடியாக விளங்கியது நீலகிரி மாவட்டம். 2000ஆம் ஆண்டையொட்டி அங்கு ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு, 'நீலமலை' இயக்கத்தின் வழியாக ஒரு முறைப் பயன்பாட்டு நெகிழியை மாவட்டத்திலிருந்து நீக்கும் பணியைத் தொடங்கினார். 2019இல் அம்மாவட்டத்தில் சிறு குடிநீர் பாட்டில்களுக்கும் தடை வந்தது. கூடவே சாலையோரங்களில் குடிநீர் வழங்கும் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. தடையோடு மாற்று ஏற்பாடும் சேர்ந்து வந்தது என்பதே நீலகிரியின் பாடம்.

மாநிலம் முழுவதற்குமான தடையை 2018 ஜூன் 5 அன்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல் கைப்பை, தட்டு, குவளை, தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சுகுழல், உணவு கட்டும் தாள் உள்ளிட்ட 14 வகைப் பொருள்கள் தடை செய்யப்பட்டன. அப்போது பால், தயிர், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்கு இருந்தது. தடை தொடங்கிய மாதங்களில் இறைச்சிக் கடைகளுக்குத் தூக்குவாளி மீண்டும் வந்தது. வாழையிலைக்கும் பனையோலைப் பெட்டிக்கும் கேட்பு கூடியது. பாத்திரம் கொண்டுவருவோருக்குச் சில உணவகங்கள் விலையில் கழிவு அளித்தன. பின்னர் கண்காணிப்பு தளர்ந்தபோது கவர்கள் மெல்லத் திரும்பி வந்ததையும் நாம் பார்த்தோம்.

2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 2022இல் கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய்க்கு மஞ்சப்பை தரும் இயந்திரம் நிறுவப்பட்டது. திருமணத் தாம்பூலப் பையாக வீட்டுக்கு வந்து, மணமக்கள் பெயர் மங்கும்வரை காய்கறி சுமந்த பை அது. நகரத்தில் மஞ்சப்பையோடு நிற்பவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்யும் மனநிலையைத் திரைப்படங்களும் வளர்த்தன. ஒரு பையைக் கையில் எடுக்க வெட்கப்பட வைத்ததும் நெகிழியின் வெற்றிக்கு ஒரு காரணம். அந்த வெட்கத்தை நீக்கியது இவ்வியக்கத்தின் நற்பணி.

மாற்றுப் பொருள் மயக்கம்

குறைப்பு முயற்சியில் குடும்பங்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. துணிபோல் தோன்றும் 'நெய்யாத பை' உண்மையில் பாலிப்ரொப்பிலீன் நெகிழியே. தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் அதுவும் உள்ளது. காகிதக் குவளையின் உட்புறத்தில் மெல்லிய நெகிழிப் பூச்சு இருக்கிறது. அதில் 15 நிமிடம் சூடான பானத்தை வைத்தால் 100 மில்லி லிட்டரில் ஏறத்தாழ 25,000 நுண்நெகிழித் துகள்கள் கலப்பதாகக் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர்.

பருத்திப் பையும் தானாகவே புண்ணியம் தருவதில்லை. பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும். 2011இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை, ஒரு முறை பயன்படுத்திய மெல்லிய நெகிழிப் பைக்கு ஈடாக ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். அந்தக் கணக்கில் தெருவில் சிதறும் குப்பையின் கேடு சேரவில்லை. எனினும் பொருள் தெளிவு: அலமாரியில் இருபது துணிப்பைகளை மடித்து வைத்திருக்கும் வீடு நெகிழியைக் குறைத்த வீடாகாது. ஒரே பையை நைந்து போகும்வரை எடுத்துச் செல்லும் வீடே குறைத்த வீடு.

இன்றும் நடக்கும் ஏற்பாடுகள்

பழைய சுற்று முற்றிலும் அழிந்துவிடவில்லை. ரேஷன் கடைக்குப் பையில்லாமல் யாரும் போவதில்லை. படித்தவர், படிக்காதவர், இளைஞர், முதியவர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் அரிசிக்கு ஒரு பையும் சர்க்கரைக்கு ஒரு பையும் எடுத்துச் செல்கின்றனர். அங்கே அறிவுரைப் பலகை எதுவும் இதைச் செய்விக்கவில்லை. அங்கே கவர் தரமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்; அவ்வளவுதான். 'நம் மக்களுக்குப் பழக்கம் போய்விட்டது' என்பது உண்மையானால், அதே மக்கள் ரேஷன் கடையில் எப்படி மாறிவிடுகின்றனர்?

20 லிட்டர் தண்ணீர் கேன் இன்னொரு சான்று. அதுவும் நெகிழியே. ஆனால் முன்பணம் கட்டி வாங்கி, காலியைக் கொடுத்து நிறைந்ததைப் பெறுகிறோம். யாரும் காலி கேனைத் தெருவில் எறிவதில்லை. சமையல் எரிவாயு உருளையும் இப்படியே. 2022 மே மாதம் முதல் நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை கொண்டுவரப்பட்டதும் இதே விதியின்படிதான். காட்டில் விலங்குகளின் காலைக் கிழித்த கண்ணாடிக்கு ஒரு விலை வைத்தவுடன் அது திரும்பி வரத் தொடங்கியது.

இவற்றிலிருந்து பெறும் முடிவு இதுதான்: குறைப்பை வீட்டுத் தலைவியின் கூடுதல் வேலையாக மட்டும் ஆக்கக் கூடாது. பொட்டலத்தை உருவாக்கியவர்கள் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்ற உற்பத்தியாளர் பொறுப்பு 2016ஆம் ஆண்டு விதிகளிலேயே உள்ளது. 2022இல் அதற்கு விரிவான வழிகாட்டுதல்களும் வந்தன. அது கடைத்தெருவரை வந்து சேர வேண்டும். வீட்டின் பங்கு வேறு, நிறுவனத்தின் பங்கு வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

வீட்டில் செய்யத்தக்கவை

மேற்கண்ட வரலாற்றின் அடிப்படையில் சில வழிகளைக் கூறலாம்.

1. இருக்கும் உறுதியான நெகிழிப் பொருளை எறியாதீர்கள். குடமும் வாளியும் ஒயர்க்கூடையும் உடையும்வரை உழைக்கட்டும். அவற்றை எறிந்து புதியது வாங்குவது குப்பையைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. ஆனால் சூடான உணவையும் எண்ணெய்ப் பொருளையும் நெகிழியில் வைக்க வேண்டாம். அதற்கு எவர்சில்வர் போதும்.

2. பை இருக்கும் இடத்தை மாற்றுங்கள். அலமாரிக்குள் இருக்கும் பை கடைக்குப் போகாது. வாசற்கதவின் ஆணியிலும் வண்டியின் பெட்டியிலும் கைப்பைக்குள்ளும் ஒவ்வொன்று இருக்கட்டும்.

3. வாரத்தில் எது எப்போது தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரியுமோ, அதற்கு மட்டும் முதலில் பாத்திரம் எடுத்துச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இறைச்சி, மாலைநேர மாவு போன்றவை எளிய தொடக்கம்.

4. அன்றாடம் பயன்படுத்தும் ஷாம்பு, காபித்தூள், மசாலாத்தூள் ஆகியவற்றை இயன்றவர்கள் பெரிய அளவில் வாங்கலாம். வார வருமானத்தில் வாழும் குடும்பத்துக்குச் சிறு பொட்டலமே கைக்கு எட்டும். அவர்களைக் குறை சொல்வது முறையன்று.

5. உணவுக் கழிவைத் தனியே பிரித்தால் நெகிழி அழுக்காகாது. அழுக்காகாத நெகிழிக்குப் பழைய பேப்பர் கடையில் விலை உண்டு.

6. கவரை அடுப்பில் இடும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். காய்ந்த தென்னம்பாளையும் பனைமட்டையும் சுள்ளியும் அதைவிட நன்றாகப் பற்றும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி

ஒரு வாரம் உங்கள் வீட்டுக்குள் வரும் நெகிழிப் பொருள் ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறியுங்கள்: அது எவ்வளவு நேரம் பயன்பட்டது, அதற்குமுன் உங்கள் பாட்டி காலத்தில் அந்த வேலையைச் செய்தது எது, பயன்பட்டபின் அது எங்கே போயிற்று. இரண்டாம் விவரத்தைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டுத்தான் எழுத முடியும். கொட்டான், உழக்கு, தூக்குவாளி, ஈயம் பூசுதல் ஆகிய சொற்கள் அப்போது அகராதியிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வரும்.

வார இறுதியில் பட்டியலைப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் பயன்படுபவை சிலவாகவும், சில நிமிடங்களே பயன்பட்டவை பலவாகவும் இருக்கும். நிமிடங்களே பயன்பட்டவற்றுள் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு திரும்பும் வழியை உங்கள் வீட்டில் உண்டாக்குங்கள். அது நிலைத்த பிறகு அடுத்ததை எடுங்கள். நெகிழி வீட்டுக்குள் ஒவ்வொன்றாகத்தான் வந்தது. குறைப்பதும் ஒவ்வொன்றாகத்தான் இயலும்.